சுவருக்கு அந்தப் பக்கத்துப் புதினா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் எங்களுக்குப் பொழுது விடிகிறது. நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, அந்தச் சொல்லைப் பொய் கலக்காமல் எழுதுவது இந்த இரண்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை. நீ போன் செய்தபோதெல்லாம் அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறாள், வாசல் வரை போகிறாள் என்று அளந்துகொண்டிருந்தேன் அல்லவா, அத்தனையும் புளுகு. உன் அம்மாவும் போனை வாங்கி, ஆமாம் நடக்கிறேன் என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லை, நான் ஆரம்பித்தேன், அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் நீ அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாய், ஏற்கெனவே ஒரு தடவை லீவு எடுத்ததற்கே உன் மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று நீதான் சொன்னாய். இப்போது அவள் நிஜமாகவே நடக்கிறாள். அதனால்தான் தைரியமாகப் பேனாவை எடுத்தேன். கோபப்படு, ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு, பாதியில் போனை எடுக்காதே.

அம்மா பின்பக்கக் குழாயடியில் பாசி வழுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்த அந்த வாரம் முழுக்க நீ ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே படுத்துக் கிடந்தாய், அதை நான் மறக்க மாட்டேன். நீ கிளம்பிப் போன மறுநாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது, என் வேலை முடிந்தது, இனிமேல் அவர்கள் வேலை, வீட்டுக்குப் போனதும் முதல் ஆறு ஏழு வாரம் தினமும் நடந்தே ஆக வேண்டும், பயந்துகொண்டு உட்கார்ந்துவிட்டால் கால் இறுகிப்போகும், அப்புறம் நாற்காலிதான் என்றார். இதை உன்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவள் விழுந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். குழாய் சொட்டுகிற ஈரம், அதைச் சுற்றிப் பாசி, அதை ஒட்டிச் சுவர் வரைக்கும் அம்மாவின் புதினா. அவள் திரும்பி வருவதற்குள் எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்று ஒரு வேகம். கொத்தனாரைக் கூட்டி வந்து, குழாயடியிலிருந்து சுவர் வரைக்கும் சிமென்ட் போட்டுவிடு, சொரசொரப்பாகப் போடு, யாரும் வழுக்கி விழக்கூடாது என்றேன். அவர் செடியைக் காட்டி இதை என்ன செய்வது என்று கேட்டார். பிடுங்கிப் போடு என்று சொன்னது இந்த வாய்தான் பாப்பா.

அந்தப் புதினா இந்த வீட்டுக்கு வந்த கதையை உனக்கு நான் முழுதாகச் சொன்னதே இல்லை. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் எனக்கு வேலை நிரந்தரமான வருஷம். செய்முறைத் தேர்வு என்றால் எனக்குத்தான் இடுப்பு ஒடியும், மைக்ராஸ்கோப்பைத் துடைத்து வைப்பது, பிளேடு எண்ணிக் கொடுப்பது, சாயம் கரைப்பது, தண்டு கொண்டு வருவது எல்லாம் நான்தான். சதுரத் தண்டை வெட்டிக் காட்டுவதற்கு எங்கள் துறைத் தலைவர் எப்போதும் புதினாதான் கேட்பார். கேரட்டைப் பிளந்து நடுவில் தண்டைச் செருகி, பிளேடால் வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, சிவப்புச் சாயத்தில் போட்டு லென்ஸுக்குக் கீழே வைத்தால் நாலு மூலையிலும் நாலு தூண் நிறுத்திய மாதிரி கெட்டித் திசு தெரியும். அன்றைக்குத் தேர்வு முடிய நேரமாகிவிட்டது. சாயங்காலம் வெளியே கூட்டிப் போவதாக உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அவள் புடவை மாற்றித் தலை வாரித் தயாராகி, காத்துக் காத்து, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க உட்கார்ந்திருக்கிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல் சட்டைப் பையைத் துழாவினேன். தேர்வில் மிஞ்சின இரண்டு புதினாக் குச்சி கையில் வந்தது. அதை நீட்டினேன். ஊரில் புருஷன்காரன் எல்லாம் பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வருகிறான், எனக்கு வாய்த்தவர் பரீட்சையில் மிஞ்சின குச்சியோடு வருகிறார் என்று சொன்னவள், அதை மூக்கிடம் கொண்டுபோனாள், சிரித்துவிட்டாள். கைப்பிடி போன ஒரு கோப்பையில் தண்ணீர் ஊற்றிச் செருகி வைத்தாள். பத்து நாளில் ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டது. குழாயடியில் நட்டாள். அதிலிருந்து முப்பத்தாறு வருஷம் அது அவளுடைய செடி.

நீ பிறந்து தவழ ஆரம்பித்ததும் முதலில் போய்ப் பிய்த்தது அதைத்தான். ஐந்து வயதில் தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்து, இது ஏன் டக்கு டக்குன்னு நிக்குது என்று கேட்டாய். நாலு பக்கம் இருக்கிறது, அதனால் என்றேன். ஏன் நாலு பக்கம் என்றாய். துளசிக் குடும்பத்துக்கு அதுதான் அடையாளம் என்று துறைத் தலைவர் சொன்ன மாதிரியே நானும் சொன்னேன். நீ இன்னொரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, உருண்டு ஓடிடாம இருக்கத்தான் என்று முடிவாகச் சொல்லிவிட்டாய். மறுநாள் ஆய்வகத்தில் அதைச் சொன்னேன், துறைத் தலைவர் ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இலைகள் ஜோடி ஜோடியாக, ஒரு ஜோடிக்கு அடுத்த ஜோடி குறுக்காக வைத்திருப்பதை மேலேயிருந்து பார்த்து, கூட்டல் குறி செடி என்று பெயர் வைத்தாயே, நினைவிருக்கிறதா. உன் கணக்கு நோட்டின் பின்பக்கம் எல்லாம் அந்தப் படம்தான். இலையைத் திருப்பி என் பழைய கைலென்ஸால் பார்த்தால் அடிப்பக்கம் மினுமினு என்று புள்ளிப் புள்ளியாக எண்ணெய்ப் பைகள் தெரியும், கசக்கினால் அவை உடைந்து வாசனை வரும். அதைப் பார்த்த நாளிலிருந்து இலையைக் கசக்கக் கூடாது, அதுக்கு வலிக்கும் என்று நீ அம்மாவோடு சண்டை பிடித்தாய். அவள் டீயில் போடுவதற்குப் பறிக்கும்போதெல்லாம் உன்னை ஏமாற்றிவிட்டு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போவாள்.

ஒரு குளிர் மாதத்தில் அது மொத்தமும் கருகித் தரையோடு தரையாகப் போய்விட்டது. நீ செத்துப்போச்சு என்று தேம்பித் தேம்பி அழுதாய். அன்றைக்குச் சாப்பிடவில்லை. இது ஒரு வருஷத்தில் முடிந்துபோகிற செடி இல்லை, மேலேதான் காய்ந்திருக்கிறது, கீழே தண்டு உயிரோடு படுத்திருக்கிறது என்று நான் தோண்டிக் காட்டினேன், வெள்ளையாக நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நீ நம்பவில்லை. மூன்று வாரம் கழித்து ஊதா நிறத்தில் மொட்டு மொட்டாக முளை வந்தபோது அம்மாதான் முதலில் பார்த்தாள், தூங்கிக்கொண்டிருந்த உன்னைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினாள். வெயில் காலம் வந்தால் நுனியில் கதிர் விட்டு, இளஞ்சிவப்பும் ஊதாவுமாக வளையம் வளையமாகச் சின்னப் பூ பூக்கும். பூ விட்டால் இலை தடித்துப்போகும் என்று அம்மா நுனியைக் கிள்ளுவாள், தேனீ பட்டினி கிடக்கும் என்று நீ அழுவாய். கடைசியில் பாதிக்குப் பாதி என்று உடன்பாடு. வேலை கிடைத்து நீ புறப்பட்ட அன்றைக்கு, அலமாரி மேல் செய்தித்தாளில் காயப்போட்டிருந்த இலையை எல்லாம் அள்ளி உன் காலுறைக்குள் திணித்து அனுப்பினாள், அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தால் என் துணி எல்லாம் ஒரே வாசனை என்று போனில் சொன்னாய். போனை வைத்ததும் உன் அம்மா இன்னொரு கட்டு இலை பறித்துக் காயப்போட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூத்தும் ஏன் விதை வைக்கவில்லை என்று அவள் ஒரு வருஷம் தேடித் தேடிப் பார்த்தாள். இது இரண்டு வேறு புதினா கலந்து உண்டான சாதி, விதை பிடிக்காது, குச்சியை ஒடித்து நட்டால்தான் உண்டு, அதனால் நீ எத்தனை இடத்தில் நட்டாலும் எல்லாம் ஒரே செடிதான் என்று நான் பெருமையாக விளக்கினேன். அவள் குனிந்து ஒரு தண்டை நிமிர்த்திப் பிடித்து, அப்போ அன்னைக்கு உங்க சட்டைப் பையில வந்ததே, அதேதான் இது என்றாள். ஆமாம் என்றேன். அதிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் முதல் காரியம், பின்பக்கம் போய் ஒரு இலையைக் கிள்ளி மோந்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். முப்பத்தொரு வருஷம் தாவரவியல் ஆய்வகத்தில் குப்பை கொட்டிய மனிதன், இத்தனையும் தெரிந்தவன், அந்தச் செடியைத்தான் பிடுங்கிப் போடச் சொன்னேன்.

சுத்தமாக மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. மறக்கவில்லை, அதுதான் வேடிக்கை. கொத்தனார் பிடுங்கும்போது நல்ல கொப்பாக ஒன்றை எடுத்து வைத்தேன். தொட்டியில் நட வேண்டும் என்று எந்த மடையனுக்கும் தோன்றியிருக்கும். எனக்குக் கை பழகின வேலைதான் தோன்றியது. செய்தித்தாளுக்கு நடுவில் இலைகளைப் பரப்பி வைத்து, மேலே இரண்டு செங்கல்லை ஏற்றி, தினமும் தாள் மாற்றி அழுத்தி உலர்த்தி, வெள்ளை அட்டையில் ஒட்டி, கீழே வலது மூலையில் பெயர், குடும்பம், சேகரித்த இடம், சேகரித்த நாள், சேகரித்தவர் என்று அழகாக எழுதி வைத்தேன். கல்லூரி அலமாரியில் அப்படி ஆயிரம் தாள் ஒட்டியவன், பாப்பா. மீதிச் செடி எல்லாம் கொத்தனாரின் வண்டியில் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. ஆம்புலன்ஸில் அம்மா வந்து இறங்கியதும், சக்கர நாற்காலியிலேயே பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய்ப் புதுச் சிமென்டைக் காட்டிவிட்டு, அந்த அட்டையை அவள் மடியில் வைத்தேன். பரிசு வாங்குகிற மாணவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அவள் அட்டையில் எழுதியிருந்ததை ஒரு வரி விடாமல் படித்தாள். அப்புறம் சிமென்டைப் பார்த்தாள். மீதி எங்க என்று மட்டும் கேட்டாள். நான் சொன்னேன். உள்ளே போகலாம் என்றாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலி, அதைவிட்டு எழுந்திருக்கவில்லை. குளியலறைக்கு நான் தாங்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபி பெண் வருவாள், சின்னப் பெண், உன்னைவிடப் பத்து வயது குறைவு, ஆனால் அதட்டலில் குறைவில்லை. அந்தப் பெண் இருக்கும் வரை அம்மா நாற்காலியிலிருந்து மேசை வரைக்கும் நாலு அடி வைப்பாள், அந்தப் பெண் கிளம்பச் செருப்பை மாட்டியதும் இவள் உட்கார்ந்துவிடுவாள். தினமும் காலையில் நான் வாக்கரைக் கொண்டுவந்து முன்னால் வைத்து நட, நட என்று கெஞ்சுவேன், அதட்டுவேன், கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தேன். இன்னைக்கு வேண்டாம் என்பாள். திட்டினாலாவது தேவலை, திட்டவும் இல்லை. ஐந்தாவது வாரம் அந்தப் பெண் வாசலில் நின்று, கால் இறுக ஆரம்பிச்சாச்சு, இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா நான் வந்து பிரயோஜனம் இல்ல என்று சொல்லிவிட்டுப் போனாள். செடியைக் கொன்றதற்குத்தான் எனக்கு இந்தத் தண்டனை என்று முடிவு செய்துகொண்டேன். எந்தச் செடி அவளைத் தினம் காலையில் எழுப்பி நடக்க வைத்ததோ அதன்மேல் சிமென்ட் போட்டுவிட்டு நட நட என்றால் எங்கே நடப்பாள்.

அதற்கு முன்பே ஒரு தடவை கடையில் ஒரு கட்டுப் புதினா வாங்கி வந்து, குச்சியைத் தண்ணீரில் வைத்து வேர் விட வைத்து, தொட்டியில் நட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு இலையைக் கிள்ளி மோந்தாள், இது வேற என்று வைத்துவிட்டாள். எனக்கும் தெரியும். கடைப் புதினா இலை காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும், வெளிர்ப்பச்சை. நம்முடையதில் இலைக்குக் காம்பு உண்டு, தண்டு கருஞ்சிவப்பு, மோந்தால் மூக்குக்குள் குளிரும். அதே செடியிலிருந்து ஒரு குச்சி கிடைக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அம்மா தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறாளே என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். மருந்துக்கடைக்காரர் வீட்டில் போன வருஷம் வீடு இடித்துக் கட்டும்போது போய்விட்டதாம். ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் தகராறு வந்து, இரண்டு பேரும் ஊற்றாமல் விட்டுவிட்டார்களாம். மிச்சம் ஒரே ஒரு இடம்தான். அங்கே போக எனக்கு முகம் இல்லை.

பக்கத்து வீட்டு டெய்லரம்மாவுக்கும் உன் அம்மாவுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது என்பது உனக்குத் தெரியும், ஆனால் அதற்குக் காரணமே இந்தப் புதினாதான் என்பதை நீ மறந்திருப்பாய். தரைக்கடியில் ஓடுகிற தண்டு சுவரா, வேலியா என்று பார்க்குமா, அஸ்திவாரத்துக்கு அடியில் புகுந்து அவள் பக்கம் தலை நீட்டியது. அவள் போட்டிருந்த கீரைப் பாத்தி முழுக்கப் புதினா. ஒரு நாள் ஆத்திரத்தில் அத்தனையும் பிடுங்கிச் சுவருக்கு மேலே வீசினாள், அது மண்ணும் வேருமாக நம் கொடியில் காய்ந்த வெள்ளைத் துணிமேல் விழுந்தது. உன் அம்மா விட்டாளா, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, உன் கையால தச்ச ரவிக்கையை விட இது ஒழுங்கா வளருது என்று சொல்லிவிட்டாள். தையல்காரியைப் பார்த்துச் சொல்லக்கூடிய பேச்சா அது. அன்றோடு முடிந்தது. ஆனால் பிடுங்கினால் போகிற சாதியா இது, ஒரு விரற்கடை வேர் மண்ணில் இருந்தால் போதுமே. ஸ்டூல் போட்டு ஏறிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அவள் வீட்டுக் குழாயடியில் தளதளவென்று ஒரு கட்டில் அகலத்துக்கு நின்றுகொண்டிருந்தது. கருஞ்சிவப்புத் தண்டு, காம்புள்ள இலை, நம் செடியேதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஸ்டூலிலிருந்து விழாமல் இறங்கியதே பெரிது.

மானத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி, மிஷினை நிறுத்தவே இல்லை. ஒரே ஒரு குச்சி வேண்டும், என் மனைவிக்கு உடம்பு இந்த நிலையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். குண்டூசியை எடுத்து ஊசி குத்தி வைக்கும் குட்டி மெத்தையில் குத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு இலை கூடக் குடுக்க மாட்டேன். வேணும்னா அவங்க வந்து கேக்கட்டும்" என்றாள். அவங்களால நடக்க முடியாதும்மா என்றேன். அது என் பிரச்சினை இல்ல என்று மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து, இப்படியும் ஒரு மனுஷியா, நாய்கூட விழுந்து கிடப்பவர்களைப் பார்த்தால் வாலை ஆட்டும் என்று பொரிந்து தள்ளினேன். அம்மா அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவ சொன்னத அப்படியே சொல்லுங்க, நீங்க சேத்துச் சொல்லாதீங்க என்றாள். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். முகம் மெல்ல மெல்லச் சிவந்துகொண்டே வந்தது. "என் செருப்பு எங்க" என்றாள்.

நம் வீட்டு வாசலிலிருந்து அவள் வீட்டு வாசலுக்கு நல்ல காலுள்ளவர்களுக்கு ஒரு நிமிஷம். அன்றைக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. வாக்கரை ஒரு அடி வைப்பாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள், நான் தோளைப் பிடிக்கப் போனால் கையைத் தட்டிவிடுவாள். வலி தெரிகிறது, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் நிற்கவில்லை. எதிரே கம்பத்தில் ஏறியிருந்த எலெக்ட்ரீஷியன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லரம்மா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், உதவிக்கு ஒரு அடி முன்னால் வரவில்லை. படி ஏறி, உள்ளே போய், பின்பக்கம் வரை போய், புதினாவுக்கு முன்னால் நின்று, இது என் செடி என்றாள் அம்மா. "உங்க செடிதான், யாரு இல்லைன்னா. என் மண்ணுல நிக்குது" என்றாள் அவள். அப்புறம் ஒரு முக்காலியைக் காலால் அம்மா பக்கம் தள்ளிவிட்டாள். அம்மா உட்கார்ந்து ஒரு இலையைக் கிள்ளி மோந்தாள். இரண்டு பேரும் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள், என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் நான் கூட்டிவரப் போனபோது டெய்லரம்மா என்னை வாசலில் நிறுத்தி, குரலைத் தணித்துச் சொன்னாள்: "தெனம் காலைல நீங்க நட நடன்னு கெஞ்சறது சுவரத் தாண்டி எனக்குக் கேட்டுட்டுத்தான் இருந்தது. குச்சியக் குடுத்திருந்தா நாற்காலிலயே உக்காந்து மோந்துட்டு இருந்திருப்பாங்க." நான் நாய் என்றெல்லாம் சொன்னதை நினைத்து எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்கப்புறம் மூன்று வாரமாகத் தினமும் போகிறாள். முதலில் இருபத்தைந்து நிமிஷம், இப்போது நாலு நிமிஷம். டெய்லரம்மா இன்று வரை ஒரு குச்சி தந்தது கிடையாது, அம்மாவும் வாய்விட்டுக் கேட்டது கிடையாது, இரண்டு பேரும் அழுத்தத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. பிசியோதெரபி பெண் தன் கைராசி என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இடித்துக்கொண்டே இருந்தது. அந்த வீட்டுக்கு அத்தனை தூரம் போகிறவள், நம் வீட்டுக்குள் நாற்காலியை விட்டு அசைவதில்லை. சமையலறைக்கு இல்லை, பின்பக்கத்துக்கு இல்லவே இல்லை. போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், இனி பூசி மெழுகிப் பிரயோஜனம் இல்லை என்று, நான் சிமென்ட் போட்டது தப்புதான், உடைத்து எடுத்துவிடுகிறேன், என்னை மன்னித்துவிடு என்றேன். சிமென்ட் நல்லதுதான், வழுக்காது, எதுக்கு உடைக்கறீங்க என்றாள். அப்படியானால் ஏன் இங்கே நடக்க மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள், இரண்டாவது தடவை திருப்பிச் சொல்லச் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. "விழுந்தப்போ உங்களக் கூப்பிட்டேன். எத்தன தடவைன்னு எண்ணல. நீங்க முன்னறைல ரேடியோ வச்சிருந்தீங்க. திரும்ப விழுந்தா யாரு வருவா? அங்க விழுந்தா அவ வந்துடுவா, அவளுக்குக் கேக்கும். அன்னைக்கும் அவ வெளியூர் போகாம இருந்திருந்தா வந்திருப்பா."

நான் துண்டு காயப்போடப் போய்த்தான் அவளைப் பார்த்தேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா. விழுந்து ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும் என்று அன்றைக்கு நானாகவே நினைத்துக்கொண்டேன். ரேடியோவில் ஒரு செய்தி அறிக்கை முழுக்கக் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்து போனேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஐந்து வாரம் அவள் கோபத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேனே, அவள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள் பாப்பா. என்னோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். நான் அழுதேன், உன்னிடம் சொல்வதில் என்ன வெட்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ காது மெஷின் ஒன்று வாங்கி அனுப்பினாய். எனக்கு என்ன காது, கிழவர்கள் மாட்டுகிற சாமான் என்று சொல்லி அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் மேசை டிராயரில் போட்டுவைத்திருந்தேன். அன்றைக்கே எடுத்து மாட்டினேன். முதல் நாள் ஒரே இரைச்சல், ஃபிரிட்ஜ் உறுமுகிறது, பேனா கீறுகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிறது, இத்தனை சத்தத்துக்கு நடுவில்தான் மனுஷர்கள் வாழ்கிறார்களா என்று ஆகிவிட்டது. அம்மா என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் நான் முன்னறையில் இருக்கும்போது, ஏங்க என்று ஒரு குரல், ஊதுகிற மாதிரி மெதுவாக. ஓடினேன். சமையலறையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறாள். என்ன என்றேன். ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன் என்றாள். அதிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கூப்பிடுகிறாள், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்து, இன்னும் கொஞ்சம் மெதுவாக. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போகிறேன். இன்று காலை பின்பக்கக் குழாயடியிலிருந்து கூப்பிட்டாள்.

குட்டிப்பயலைக் குளிரில் காதை மூடி அனுப்பு. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். லீவு கேட்டு யாரிடமும் தலை சொறிய வேண்டாம், தானாகக் கிடைக்கும்போது வந்தால் போதும், அம்மா வாசல் வரை வந்து உன்னைக் கூட்டிப் போவாள். நீயும் உன் வீடும் வாடாமல் தழைத்து நிற்க வேண்டும் என்று எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, இனிமேல் போனில் என்னிடம் தொண்டை கிழியக் கத்த வேண்டாம், மெதுவாகவே பேசு, எனக்குக் கேட்கிறது.

என்றும் உன்
அப்பா